ரிப்பன் கட்டிய கரண்ட் அடுப்பு

டப் என்று ஒரு சத்தம். மின்விசிறி வேகம் குறைந்து, போகவா நிற்கவா என்று யோசித்து, நின்றது. டிவியில் ஒரு மாமியார் மருமகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், திறந்த வாயோடு மறைந்து போனாள்.

"போட்டுட்டியா?" என்றாள் அங்காளம்மா, கருத்துப்போன டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அவ இன்னா சொல்ல வந்தான்னு இனிமே நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

மருமகள் ஷர்மிளா ஓவனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வாசலுக்கு மேலிருந்த வெள்ளைப் பெட்டியின் குமிழை மேலே தள்ளினாள். விளக்கு வந்தது, விசிறி வந்தது, டிவியும் வந்தது. ஆனால் அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். அங்காளம்மா அந்த வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்து, "கோவக்காரன், கோவக்காரன். ஒரு சாமான் உள்ள வந்தா பொறுக்குதா இவனுக்கு?" என்று திட்டினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை குறும்பு செய்தால் திட்டுகிற அதே குரல்தான். சுனாமிக்குப் பிறகு கோவளத்தில் கட்டிக் கொடுத்த புது வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு பெட்டி உண்டு. கரண்டில் ஏதாவது கோளாறு என்று அதற்குப் பட்டால் தானாக விழுந்துவிடும். ட்ரிப்பர் என்று பெயர். அந்த வீட்டில் கோவக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஓவன் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கடல் வந்து போன பிறகு கரையோர ஊர்களுக்கு யார் யாரோ வந்தார்கள். கம்பளி கொடுத்தவர்கள் உண்டு, வலை கொடுத்தவர்கள் உண்டு, எல்லாருக்கும் பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கடைசியாக வந்த ஒரு தொண்டு நிறுவனத்தார், மகளிர் குழுவுக்கென்று இந்த ஓவனைக் கொடுத்தார்கள். சின்ன டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். முன்னால் கண்ணாடிக் கதவு, பக்கத்தில் மூன்று திருகு, உள்ளே மேலே ஒரு வளைந்த கம்பி, கீழே ஒரு வளைந்த கம்பி. கரண்ட் போட்டால் கம்பி இரண்டும் சிவக்கும். பன் சுடலாம், கேக் சுடலாம், பிஸ்கட் சுடலாம். குழுவில் ஒருத்தியைத் தாம்பரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். ஷர்மிளா போனாள்.

அவள் போனதற்கும் காரணம் இருந்தது. அங்காளம்மா கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகளுக்கு வாயே கிடையாது. மீனைக் கூவி விற்க அவளால் முடியவில்லை. பேரம் பேச வந்தவர்கள் கேட்ட விலைக்கே தலையாட்டிவிட்டு வந்து நிற்பாள். "எம் மருமவ நல்லவதான், ஆனா வாயில்லாத சங்கு," என்று அங்காளம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதில் வெறுப்பு இருக்காது. இருந்தாலும் ஷர்மிளாவுக்கு உள்ளே எங்கோ சுருங்கும். தாம்பரத்தில் மாவு பிசைந்தபோதுதான் அவள் கைக்கு முதல்முதலாக ஒரு வேலை சரியாக வந்தது. மாவுக்கு வாய் வேண்டாம். தொட்டால் தெரியும், எப்போது போதும் என்று. வகுப்பில் அவள் சுட்ட பன்னைப் பிட்டுப் பார்த்துவிட்டு எல்லாரும் இன்னொன்று கேட்டார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, நம்மிடமும் ஜனங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள் போலிருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அடுப்பைப் பற்ற வைக்க விடவில்லையே. இவ்வளவு பெரிய சாமானைச் சும்மா தொடக்கூடாது, ஒரு பெரிய மனுஷரை அழைத்துத் திறப்புவிழா நடத்த வேண்டும் என்று குழு முடிவு செய்தது. குழுத் தலைவி சத்யப்ரியா சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து ஓவனைச் சுற்றிப் பூப்போல முடிச்சுப் போட்டாள். பொட்டு வைத்தார்கள். வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் அங்காளம்மா வீட்டு முன்னறையில் வைத்தார்கள். பெரிய மனுஷருக்கு முதலில் தேர்தல் வந்தது. பிறகு அவர் வீட்டில் ஒரு சாவு. பிறகு ஆடி மாதம். பிறகு மழை. மழை விட்டால் அவருக்கு உடம்பு சரியில்லை. இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. கடல் காற்று ஜன்னல் கம்பியைத் தின்றது, சைக்கிள் செயினைத் தின்றது. ஓவன் மட்டும் ரிப்பனும் பொட்டுமாகக் கல்யாணப் பெண் போல உட்கார்ந்திருந்தது. கடைசியில் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீன் வெட்டுகிற கத்தியாலேயே அங்காளம்மா ரிப்பனை வெட்டினாள். ஷர்மிளா சாமியைக் கும்பிட்டுத் திருகைத் திருப்பினாள். டப். அன்று தொடங்கியதுதான் கோவக்காரனின் கோபம்.

இதற்கிடையில் நிறுவனத்திலிருந்து கோகிலவாணி மேடம் வந்து பார்த்தார். நல்ல மனுஷி. குரலை உயர்த்தாமல் சொன்னார். "வேற ஒரு ஊர்ல ஒரு குழு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்கம்மா. வர்ற வெள்ளிக்கிழமை வரேன். ஓடிச்சுன்னா சந்தோஷம். ஓடலைன்னா அவங்களுக்குக் குடுத்துடலாம். தப்பா எடுத்துக்காதீங்க." அவர் போன பிறகு ஷர்மிளா ஓவனின் மேல் துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பரணிக்கு ஒரு யோசனை வந்தது. பரணி ஷர்மிளாவின் புருஷன். படகு இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவான். அதனால் உலகத்தில் உள்ள எல்லா மிஷினும் தனக்குத் தெரிந்ததுதான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. "சித்தப்பா வூட்ல போட்டுப் பாக்கலாம். அங்க கோவக்காரன் கெடையாது," என்றான்.

சித்தப்பா துலுக்காணம் கரையை ஒட்டிய பழைய வீட்டிலேயே இருந்தார். புது வீடு தருகிறோம் என்று சொன்னபோது, அலைச் சத்தம் கேட்காமல் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டவர். அவர் வீட்டில் பீங்கான் ப்யூஸ்தான். அதிலும் அடிக்கடி போகிறதே என்று கம்பியை மூன்று சுற்றாகச் சுற்றி வைத்திருந்தார். சுவரில் இரண்டு துளை பிளக். ஓவனுக்கு மூன்று முள். மூன்றை இரண்டாக்குகிற ஒரு சின்ன சொருகியைப் பரணி கண்டுபிடித்துக்கொண்டு வந்து மாட்டினான்.

எரிந்தது. கம்பி முதலில் மங்கலாக, பிறகு செம்பருத்தி நிறத்தில் சிவந்தது. விளக்கு அணையவில்லை. குழுப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஷர்மிளா பிசைந்து உருட்டி வைத்திருந்த மாவைத் தட்டோடு உள்ளே வைத்தாள். கண்ணாடிக்கு முன்னால் எல்லாரும் குந்தி உட்கார்ந்து, உருண்டைகள் மெல்ல உப்பி ஒன்றையொன்று தொடுவதைப் பார்த்தார்கள். வாசனை வந்தபோது துலுக்காணம் கண்ணை மூடிக்கொண்டார்.

பன் வெந்ததும் கதவைத் திறக்கப் போன ஷர்மிளாவின் முழங்கை ஓவனின் பக்கத் தகட்டில் பட்டது. சுரீர் என்று ஏதோ ஒன்று தோள்வரை ஓடியது. நெருப்பு சுட்டால் எரியும். இது எரியவில்லை. எறும்புப் புற்றுக்குள் கையை விட்டது போல இருந்தது. கையை உதறிக்கொண்டாள்.

"இன்னாடி?" என்றாள் சத்யப்ரியா.

"சூடு," என்றாள் ஷர்மிளா.

அவளுக்குத் தெரியும் அது சூடு இல்லை என்று. ஆனால் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். ஷாக் அடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கக்கூட வேண்டாம். இப்போதே எடுத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன? விழுங்கிக்கொண்டாள். தட்டை வாங்கிய சத்யப்ரியாவும் பாயில் தொப்பென்று போட்டுவிட்டு "ஆமாண்டி, சூடுதான்," என்றாள். துலுக்காணம் திடீரென்று பீடி வாங்க வேண்டும் என்று எழுந்து வெளியே போனார். பன் நன்றாக இருந்தது. ஷர்மிளா மட்டும் தன் பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

புது வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மறுபடி டப். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதற்கும் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று, செவ்வாய்க்கிழமை ஷர்மிளாவும் சத்யப்ரியாவும் ஓவனைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கோவளத்துப் பெண்கள் மூட்டையோடு ஏறினால் கண்டக்டர்களுக்கு மூக்கு தானாகச் சுருங்கும்.

"கூடையெல்லாம் ஏத்தக்கூடாதும்மா. நாறும்."

"மோந்து பாத்துட்டுச் சொல்லுண்ணா," என்று சத்யப்ரியா மூட்டையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

அவர் மோந்து பார்த்தார். முகம் மாறியது. "இன்னாது, பன்னு வாசனை வருது?"

"மீனு இப்ப பன்னுலதான் வருது."

பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் மட்டும் அவர் மறக்கவில்லை.

தாம்பரம் மேற்கில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டாபிராமனின் கடை. மிக்ஸிகளும் அயர்ன் பாக்ஸ்களும் வயிறு திறந்து கிடந்தன. பட்டாபிராமன் அறுபதைத் தொட்டவர். பேசும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். ஓவனை மூன்று முள் பிளக்கில் சொருகிப் போட்டார். இரண்டு கம்பியும் பழுதில்லாமல் சிவந்தன. டெஸ்டரை எடுத்துத் தகட்டில் வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. திருகைத் திருப்பி, சூடு ஏறி அடங்குகிறதா என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"தொட்டா ஷாக் ஏதாவது அடிக்குதாம்மா?" என்று கேட்டார்.

ஷர்மிளா சத்யப்ரியாவைப் பார்த்தாள். சத்யப்ரியா விட்டத்தில் சுற்றிய விசிறியைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றார்கள் இருவரும், சொல்லிவைத்தது போல.

"அப்ப அடுப்புல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டு ட்ரிப்பர்தான் சும்மா சும்மா விழுதுபோல. அதை மாத்திப் பாருங்க," என்றார் அவர்.

இது போதாதா பரணிக்கு? "நான் மொதல்லயே சொல்லல? அடுப்பு ராஜா மாதிரி கீது. கோவக்காரன்தான் கேடி," என்றான். புது ட்ரிப்பர் எல்லாம் எதற்கு என்று, புதன்கிழமை மத்தியானம் இரண்டு துண்டு வயரை எடுத்தான். கரண்ட் பெட்டிக்குள் வருகிற இடத்திலிருந்தே தனியாக இழுத்து, நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, ஓவனின் பிளக்கைக் கழற்றி அதன் வயருக்கே நேராகக் கொடுத்தான். "அவனக் கேக்காம பொயக்கடைக் கதவு வழியாப் போற மாதிரி," என்று சிரித்தான். மூன்றாவது வயர் ஒன்று ஓவனிலிருந்து வெளியே தொங்கியது. "இது எதுக்கு?" என்றாள் ஷர்மிளா. "அது சும்மா. சித்தப்பா வூட்ல ரெண்டுலதான ஓடுச்சு," என்று சுருட்டி டேப் போட்டு ஒட்டினான்.

எரிந்தது. விசிறி ஓடியது, டிவி ஓடியது. கோவக்காரன் வாசலுக்கு மேலே மூச்சுக் காட்டாமல் இருந்தான். பரணி கையைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். ஷர்மிளா ஓவனிலிருந்து நாலடி தள்ளி, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. மேடம் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம்? அப்புறம் தினமும் நான் மட்டும் தொடுகிறேன், செருப்பைப் போட்டுக்கொண்டு. மனசு அவசரப்பட்டால் எப்படியெல்லாம் வழி சொல்லும் பாருங்கள்.

அந்த நேரம்தான் அங்காளம்மா வந்தாள். கரையில் ஏலம் முடித்து, மிச்ச மீனை அறுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு நேராக வருகிறாள். கால் ஈரம், புடவை ஓரம் ஈரம், முழங்கைவரை உப்புத் தண்ணீர். வாசலிலேயே கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கம்பி சிவந்து ஜொலித்தது. அவள் முகமெல்லாம் விரிந்தது.

"அட, எரியுதுடா. எம் மருமவ அடுப்பு எரியுது," என்று, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தொடாதீங்க அத்தே."

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. கரையில் ஏலம் கூவுகிறவளின் குரல் போல இருந்தது. வாயில்லாத சங்கு ஊதிவிட்டது. அங்காளம்மாவின் கைகள் தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றன. ஷர்மிளா ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"அது ஷாக்கு அடிக்குது அத்தே. சின்ன மாமா வூட்லயே எனக்கு அடிச்சுது. சூடுன்னு பொய் சொன்னேன். தாம்பரத்துல கேட்டாரு, அங்கயும் பொய் சொன்னேன்."

"ஏண்டி சொல்லல?" என்றான் பரணி. கோபத்தில் தொடங்கிய குரல், தான் இழுத்த வயரைப் பார்த்ததும் பாதியில் இறங்கியது.

"சொன்னா குடுத்துடுவீங்க."

அங்காளம்மா தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள். பிறகு வாசலுக்கு மேலே வெள்ளைப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் கத்திகினேதான் இருந்திருக்கான்," என்றாள் மெதுவாக. "தொடாத, தொடாதன்னு. நாமதான் கோவக்காரன்னு பேரு வச்சு, வாயையும் கட்டிப் போட்டோம்." மருமகளின் பக்கத்தில் அவளும் தரையில் உட்கார்ந்தாள். "இத்தினி சத்தம் வெச்சிகினு இருந்தியா உள்ள? மீனு விக்க வந்திருக்கலாமேடி."

பரணி முக்காலியில் ஏறி, மெயினை அணைத்துவிட்டு, தான் இழுத்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

சத்தம் கேட்டு சத்யப்ரியா வந்துவிட்டாள், பின்னாலேயே துலுக்காணமும். ஷர்மிளா எழுந்து நின்று, குழுத் தலைவியின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒரு அடியாவது விழும் என்று எதிர்பார்த்தாள். சத்யப்ரியா தலைமுடியை அவிழ்த்து மறுபடி கொண்டை போட்டாள்.

"எனக்கும் அடிச்சுது," என்றாள்.

"இன்னாக்கா?"

"தட்ட வாங்கறப்போ. சுர்ருன்னுச்சு. நீ எவ்ளோ ஆசையா மாவு பெசஞ்ச. தலைவியே ஷாக்கு அடிக்குதுன்னு சொன்னா மத்தவளுங்க கிட்ட வருவாளுங்களா? அதான் சூடுன்னேன்."

எல்லாரும் துலுக்காணத்தைப் பார்த்தார்கள். அவர் பீடிக் கட்டைத் தேடுவது போல மடியைத் தடவினார். "எனக்குத்தான் மொதல்ல அடிச்சுது. ஓவன நவுத்தி வெக்கறப்பவே. பொம்பளைங்க சந்தோஷமா இருந்தீங்க. கெழவனுக்கு ஒரு ஷாக்கு அடிச்சா இன்னா இப்போன்னு பீடி வாங்கப் போயிட்டேன்."

அங்காளம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊரே ஷாக்கு அடிச்சிகினு ஊரே சூடு சூடுன்னு பன்னு துன்னுகினு இருந்தீங்களா?" சிரிப்பு பரவியது. சிரிக்கச் சிரிக்க ஷர்மிளாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருத்தர் மனசு நோகக்கூடாதென்று இன்னொருத்தர் மறைக்க, மறைத்த பிரியமே ஒரு உயிரை வாங்கப் பார்த்திருக்கிறது. பிரியத்துக்குக்கூட, பரணி சும்மா என்று சுருட்டி ஒட்டினானே, அது போல மூன்றாவது வயர் ஒன்று வேண்டும் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே மறுபடி தாம்பரம். பட்டாபிராமன் கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வைத்தியர்கிட்ட பொய் சொல்லக்கூடாது, வக்கீல்கிட்ட பொய் சொல்லக்கூடாதும்பாங்க. மெக்கானிக்கையும் அந்த வரிசையில சேத்துக்கங்கம்மா," என்றார். பிறகு, "உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. என் கடையில எர்த் நல்லா இருக்கு. மூணாவது வயர் இருந்தா, கசியற கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிடும். தகட்டைத் தொட்டாலும் தெரியாது, டெஸ்டரும் எரியாது. நான் அதைப் பாத்துட்டு நல்லாருக்குன்னு அனுப்பிட்டேன். மீட்டர் வெச்சுப் பாத்திருக்கணும்," என்றார்.

கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற, கையால் சுற்றும் ஒரு மீட்டரை எடுத்து, ஓவனின் பின்பக்கத்தைக் கழற்றி, கம்பியின் முனையில் ஒரு வயரும் தகட்டில் ஒரு வயரும் வைத்துச் சுற்றினார். மேல் கம்பிக்கு முள் ஓரமாகப் போய் நின்றது. கீழ்க் கம்பிக்கு வழுக்கி எதிர்ப்பக்கம் விழுந்தது. "இதோ, இந்தக் கீழ்க் கம்பிதான் கசியுது," என்றார். முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய சாமான் டப்பாவிலிருந்து செத்துப்போன ஒரு கம்பியை எடுத்து ஒடித்துக் காட்டினார். வெளியே குழாய், நடுவே மயிரிழை மாதிரி ஒரு கம்பிச் சுருள், இரண்டுக்கும் நடுவில் இறுக்கி அடைத்த வெள்ளைப் பொடி. அவர் தட்டியபோது விபூதி போல உதிர்ந்தது.

"கரண்ட் நடுவுல ஓடணும். சூடு மட்டும் வெளிய வரணும். இந்தப் பொடிதான் வேலி. காஞ்சு இருக்கற வரைக்கும்தான் வேலி. ஈரத்தைக் குடிச்சுதுன்னா வேலியே வழி விட்டுடும். எவ்வளவு நாள் சும்மா வெச்சிருந்தீங்க?"

சத்யப்ரியா ரிப்பன் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கடையின் மேல் தட்டைக் காட்டினார். அங்கே பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்று தூசி படிந்து இருந்தது. "என் பொண்ணு அனுப்பின டீ கெட்டில். விசேஷத்துக்கு எடுக்கலாம்னு வெச்சிருக்கேன்," என்றார்.

ஷர்மிளா பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "மழைக்காலத்துல கருவாடு நமுத்துப் போற மாதிரியா சார்?"

"அதேதான்மா."

"சின்ன மாமா வூட்ல அவ்ளோ நேரம் எரிஞ்சுதே. காயலையா?"

"நடுவுல காஞ்சிருக்கும். முனை ரெண்டும் எப்பவும் சூடாகாது. அதனால ஈரம் நகந்து நகந்து அங்க போய் உக்காந்துக்கும். உங்க ஊர் உப்பும் கூட சேந்துக்கிச்சு. இதை முழுசா, முனையோட, நிதானமா சூடு பண்ணிக் காய வெக்கணும்."

அதற்கு அவர் கண்ட வழிதான் வேடிக்கை. கம்பியைத் தனியாகக் கழற்றி, உப்பைச் சுரண்டித் துடைத்து, சந்து முனையில் இருந்த பேக்கரிக்குக் கொண்டுபோனார். பேக்கரிக்காரர் ஞானையா காலை ரொட்டி எடுத்த செங்கல் அடுப்பில், அடங்கின சூட்டில் ரஸ்க் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்ளோ நேரம் வேகணும்?"

"ரஸ்க் ஆகற வரைக்கும்."

"சாப்பிட ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஞானையா ரஸ்க் தட்டின் ஓரமாக அதைப் படுக்க வைத்துப் பெரிய துடுப்பால் உள்ளே தள்ளினார். இரண்டு பெண்களும் பேக்கரிப் படியில் காத்திருந்தார்கள். அவர் கேட்காமலே இரண்டு டீ வந்தது. அடுப்பு ஒன்றைச் சரிசெய்ய இன்னொரு அடுப்பு இடம் கொடுக்கிறது என்று ஷர்மிளா நினைத்துக்கொண்டாள். முந்தாநாள்வரை முகம்கூடத் தெரியாத இவர்களுக்கு என்ன வேண்டும், நம்முடைய பன் வேகாவிட்டால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? புது வீட்டில் அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போன முகம் தெரியாத ஆளும் அவள் நினைவுக்கு வந்தான். யாரோ ஒருத்தன், அன்றைய கூலிக்கு, ஆனால் வயரைச் சரியாக முறுக்கி மாட்டியிருக்கிறான். அவன் எந்த ஊரோ? அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். டீ ஆறிப்போகும்வரை அவள் இப்படி ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கம்பி ரஸ்க் வாசனையோடு வெளியே வந்தது. ஆறவிட்டு மீட்டரை வைத்துச் சுற்றினார் பட்டாபிராமன். முள் ஓரத்துக்குப் போய் அசையாமல் நின்றது. முனைகளை ரப்பர் பசை வைத்து அடைத்து, கம்பியை மாட்டி, பரணி கழற்றிய பிளக்கையும் பொருத்திக் கொடுத்தார். "மூணு முள் பிளக்குலதான் போடணும். தினம் எரியணும். வேலை செஞ்சுட்டே இருந்தா ஈரம் அண்டாது. சும்மா மூடி வெச்சிடாதீங்க. மொதல்ல தொடும்போது புறங்கையால தொட்டுப் பாருங்க. அடிச்சாலும் கை தன்னால விலகும்," என்றார். அவர்கள் சந்து முனையைத் தாண்டும்போது ஷர்மிளா திரும்பிப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மேடம் வருவதற்கு முன்பே குழு கூடிவிட்டது. முன்னறையில் இடமில்லாமல் வாசல்வரை நின்றார்கள். ஷர்மிளா மூன்று முள்ளையும் அழுத்திச் சொருகி, திருகைத் திருப்பினாள். எல்லார் கண்ணும் வாசலுக்கு மேலே போனது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. டிவியில் யாரோ யாரையோ திட்டினார்கள், யாரும் அதைக் கவனிக்கவில்லை. கீழ்க் கம்பி சிவந்தது, மேல் கம்பி சிவந்தது. மாவுத் தட்டு உள்ளே போனது. வாசனை கிளம்புகிறவரை ஒருத்தியும் ஓவன் பக்கத்தில் வரவில்லை.

"யாருக்காச்சும் அடிச்சா சொல்லிடணும்," என்றாள் சத்யப்ரியா. "சூடுன்னு சொன்னா குழுவ விட்டுத் தூக்கிடுவேன்."

ஷர்மிளா புறங்கையைத் தகட்டுக்குக் கொண்டுபோனாள். தொட்டாள். எடுத்தாள். திரும்பவும் தொட்டு, அப்படியே வைத்திருந்தாள்.

"சொல்லுடி," என்றான் பரணி.

"சூடு," என்றாள். எல்லாரும் முறைத்தார்கள். "மெய்யாலுமே சூடுதான் மாமா. வேற ஒண்ணும் இல்ல."

கரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அங்காளம்மா, மருமகள் நீட்டிய துண்டை வாங்கி விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். உள்ளங்கை துடைத்து, மணிக்கட்டு துடைத்து, மறுபடி உள்ளங்கை துடைத்தாள். பிறகு காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல கை பொறுக்கிற சூட்டில் இருந்த ஓவனின் மேல் ஓரத்தில் கையை வைத்தாள். அதன் பக்கத்தில் சத்யப்ரியா வைத்தாள். கூட்டத்துக்குள் கையை நுழைத்துத் துலுக்காணம் இரண்டு விரலை வைத்தார். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மீன் செதில் ஒட்டிய கைகள், வளையல் கைகள், மருதாணி அழிந்துகொண்டிருந்த ஒரு கை. இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. கீழே கண்ணாடிக்குள் உருண்டைகள் உப்பி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. யாரும் கையை எடுக்கவில்லை.